குழந்தைகளுக்கான ஸ்கீ வகுப்பு: பயிற்சியாளரின் தரத்தை எதில் பார்ப்பது?

காலில் நீளப் பலகைகளை மாட்டிப் பனிச்சரிவில் வழுக்கும் ஸ்கீ வகுப்பு முடிந்து பிள்ளையை அழைத்துக்கொள்ள வரும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "இன்னைக்கு எந்தச் சரிவு வரைக்கும் போனீங்க?" என்பதுதான். மிக எளிய பச்சைச் சரிவிலிருந்து அடுத்த படியான நீலத்துக்குப் போயாயிற்று என்றால் பயிற்சியாளர் கெட்டிக்காரர். இன்னும் தொடக்கக்காரரை மேலேற்றும் அடிவாரத்து நகரும் பட்டையிலேயே நிற்கிறார்கள் என்றால் கட்டிய பணம் வீண். குழந்தைகளின் ஸ்கீ வகுப்பை எடைபோட இதைவிடத் தவறான அளவுகோல் கிடையாது. ஐந்து வயதுப் பிள்ளையைச் செங்குத்தான சரிவிலிருந்து பத்திரமாகக் கீழே இறக்கிவிடுவது பெரிய வித்தை அல்ல. ஸ்கீகளின் முன்முனைகளைச் சேர்த்து, பின்முனைகளான வால்களை எவ்வளவு முடியுமோ அவ்வளவு அகட்டி, அழுத்திப் பிடித்துக்கொண்டே இறங்கச் சொன்னால் பிள்ளை இறங்கிவிடும். ஆனால் அன்று அது கற்றுக்கொண்டது பயந்து பின்னால் சாய்வதை மட்டும்தான். அந்தப் பழக்கத்தைக் கழற்ற அடுத்துவரும் பயிற்சியாளருக்கு நாள்கணக்கில் ஆகும்.

ஆகவே இங்கே முதல் மதிப்பெண் சரிவைத் தேர்ந்தெடுக்கும் விவேகத்துக்கு. தொடக்கக்காரருக்கு ஏற்ற சரிவு, கீழே சமதளமாகவோ லேசான எதிரேற்றமாகவோ முடியும். பிள்ளை பிரேக் போடாவிட்டாலும் அங்கே தானாக நின்றுவிடும். முதல் வகுப்பின் பெரும்பகுதி இப்படிப்பட்ட இடத்தில்தான் கழிய வேண்டும். முதலில் பூட்ஸை மட்டும் மாட்டி நடை. பிறகு ஒரு காலில் மட்டும் ஸ்கீ மாட்டி மறுகாலால் உந்தி நகர்தல், கால் மாற்றி மறுபடியும் அதே. அடுத்து இரண்டு ஸ்கீகளோடும் பக்கவாட்டில் படிபடியாக ஏறுதல், சில மீட்டர் நேராக வழுக்கி நிற்றல். இவ்வளவுக்கும் பிறகே வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாடம். ஒற்றை ஸ்கீப் பயிற்சியைப் பார்க்கும் பெற்றோருக்கு அது நேரத்தைக் கடத்தும் வேலையாகத் தெரியும். உண்மையில் ஒரு காலின் மேல் முழு எடையையும் வைத்துச் சமநிலை காக்கப் பிள்ளை பழகுவது அங்கேதான். பின்னால் வரும் ஒவ்வொரு திருப்பமும் அதை நம்பித்தான் இருக்கிறது.

சரிவு பிள்ளையின் திறனுக்கு மீறியதாக இருந்தால் என்ன நடக்கும் என்பதை உடலைப் பார்த்தே படித்துவிடலாம். இடுப்பு குதிகாலுக்குப் பின்னால் போகும். கைகள் தொடையருகே விழும், அல்லது பின்னால் போகும். முழங்காலுக்குக் கீழே உள்ள முன் எலும்பு பூட்ஸின் நாக்கை விட்டு விலகும். ஸ்கீயின் முன்பகுதி எடையிழந்து பனியில் அலையும். முன்முனை பனியைப் பிடிக்காத ஸ்கீயைத் திருப்ப முடியாது. திரும்பாததால் வேகம் கூடும், கூடியதால் பயம் மிகும், பயத்தில் இன்னும் பின்னால் சாய்வு. குழுவில் ஒரு பிள்ளை மட்டும் இப்படி இருந்தால் அது அந்தப் பிள்ளையின் சிக்கல். பாதிக் குழு இப்படி இருந்தால் பயிற்சியாளர் சரிவைத் தவறாகத் தேர்ந்திருக்கிறார்.

இதில் வயதுக்கு ஒரு சலுகை உண்டு. சிறு பிள்ளைகளுக்கு உடலோடு ஒப்பிட்டால் தலை பெரிது, கால் தசைக்கு வலு குறைவு. பூட்ஸின் பின்சுவரில் சற்றுச் சாய்ந்து, கால்களை அகலமாக வைத்து நிற்பது ஐந்து வயதில் இயல்பு. இடுப்பைத் தனியாக வைத்துக் கால்களை மட்டும் திருப்புவதும் அந்த வயதில் வராது. தோள், வயிறு எல்லாம் சேர்ந்து திரும்பும். நான்கு வயதுப் பிள்ளையின் தோள் திருப்பத்தைப் பிழையாக எடுத்துத் திருத்திக்கொண்டே இருப்பவர் குழந்தைகளை அறியாதவர். அதையே பத்து வயதில் கண்டுகொள்ளாமல் விடுபவர் சோம்பேறி.

பீட்சாவில் இரண்டு வகை

முனைகள் நெருங்கி வால்கள் விரிந்த நிலையைப் பல நாட்டுப் பயிற்சியாளர்களும் பிள்ளைகளிடம் பீட்சா என்றே சொல்கிறார்கள். ஸ்கீகள் இணையாக இருந்தால் ஃபிரெஞ்சு ஃபிரைஸ். வகுப்பு நடக்கும்போது சரிவெங்கும் "பீட்சா! பீட்சா! பெரிய பீட்சா!" என்ற கூவல் மட்டுமே கேட்கிறது என்றால் கொஞ்சம் சந்தேகப்படலாம்.

பிரேக்குக்கான பீட்சா அகலமானது. முழங்கால்கள் உள்பக்கம் நெருங்கி, இரு ஸ்கீகளின் உள்விளிம்புகளும் பனியைச் சுரண்டும். மெல்லிய சரிவில் நிற்பதற்கு இது வேண்டும், சந்தேகமில்லை. வழுக்கிச் செல்வதற்கான பீட்சா குறுகியது. அதில் ஸ்கீகள் ஏறக்குறையத் தட்டையாகக் கிடக்கும், விளிம்பு லேசாகத்தான் பிடிக்கும். ஸ்கீ தட்டையாக இருந்தால்தான் பாதத்தைத் திருப்பியதும் அதுவும் திரும்பும். விளிம்பு ஆழக் குத்தியிருந்தால் போன திசையிலேயே இழுத்துக்கொண்டு போகும். அகலப் பீட்சாவை மட்டுமே கற்றுத்தந்த பிள்ளை திரும்பச் சொன்னால் உடம்பை முறுக்குவதும், பத்தே நிமிடத்தில் "கால் வலிக்குது" என்பதும் இதனால்தான். சரிவு கூடினாலோ பனி இறுகினாலோ அந்தப் பிரேக்கும் கைவிட்டுவிடும். சிறிய கால்களுக்கு அவ்வளவு வலு கிடையாது.

நல்ல பயிற்சியாளர் முதல் நாளிலேயே வேகத்தைத் திருப்பத்திடம் ஒப்படைக்கத் தொடங்குவார். திருப்பத்தைப் பாதியில் விடாமல், ஸ்கீ சரிவுக்குக் குறுக்காகி முனை சற்று மேல்நோக்கும் வரை கொண்டுபோனால் வேகம் தானாக விழும். இதை அவர் பிள்ளைகளுக்கு விளக்க மாட்டார், செய்யவைப்பார். பனியில் கூம்புகளை அகலமாக, மாறிமாறி நட்டு வளைந்து வரச் சொல்வார். சரிவின் ஓரத்து மரம் ஒன்றைக் காட்டி, அதன் முகத்தைப் பார்க்கும் வரை திரும்பச் சொல்வார். அல்லது தானே பெரிய வளைவுகளாகப் போய், தன் தடத்திலேயே வரிசையாகப் பின்தொடர வைப்பார். பிள்ளைகள் காதால் கற்பதைவிடக் கண்ணால் கற்பது அதிகம். முன்னால் போகிறவரின் திருப்ப வடிவம் நன்றாக இருந்தால் பின்னால் வரும் ஆறு பேருக்கும் அது ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே பச்சைச் சரிவு ஒன்றில் உங்கள் பிள்ளை இறங்கும்போது, கீழே வந்து சேர்ந்ததா என்று பார்க்காமல் தடத்தைப் பாருங்கள். நேர்கோட்டில் அகலப் பீட்சா ஒன்று இறங்கி வந்திருக்கிறதா, முழுதாக முடிந்த வளைவுகள் இருக்கின்றனவா? இந்த ஒரு வேறுபாடு பயிற்சியாளரைப் பற்றி எந்தச் சான்றிதழையும்விட அதிகம் சொல்லும்.

அடுத்தது பேச்சு. "முழங்காலை மடக்கு" என்பது ஸ்கீ வகுப்புகளில் அதிகம் சொல்லப்படுகிற, மிகக் குறைவாகப் பயன்தருகிற கட்டளை. கணுக்கால் மடங்காமல் முழங்கால் மட்டும் மடங்கினால் இடுப்பு பின்னால்தான் இறங்கும். எதைத் தடுக்க நினைத்தாரோ அதையே வரவழைத்துவிடுகிறார். விவரம் தெரிந்தவர் "பூட்ஸோட நாக்கை முன்காலால நசுக்கு" என்பார். அல்லது வழுக்கும்போதே சின்னதாகக் குதிக்கச் சொல்வார். பின்னால் சாய்ந்திருக்கிற பிள்ளையால் குதிக்கவே முடியாது, முன்னால் வந்துதான் ஆக வேண்டும். கட்டளை இல்லாமலே உடம்பு திருந்திவிடுகிறது.

விமானம்போலக் கைகளை விரித்துத் திரும்பும் விளையாட்டு எல்லாப் பள்ளிகளிலும் உண்டு. அதிலும் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. பிள்ளையை அதன் போக்கில் விட்டால் நிஜ விமானம் போலத் திருப்பத்தின் உள்பக்கம் சாயும், எடை உள்ஸ்கீக்குப் போய்விடும். பயிற்சி பலிக்க வேண்டுமானால் திருப்பத்தின் வெளிப்பக்கக் கை தாழ வேண்டும், எடை வெளிஸ்கீ மேல் விழ வேண்டும். உள்பக்கம் சாய்ந்து பறக்கும் பிள்ளைகளைப் பார்த்து "சூப்பர்!" என்று கைதட்டுகிறவர் விளையாட்டை மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டவர், காரணத்தைத் தெரிந்துகொள்ளவில்லை.

ஓரமாக நின்று 20 நிமிடம்

பிள்ளையின் கண்ணில் படாத இடத்தில், வகுப்பின் நடுப்பகுதியில், 20 நிமிடம் நின்று பார்த்தால் போதும். தொடக்கத்தில் பார்ப்பது நியாயமாகாது. பூட்ஸ் மாட்டுவது, கழிப்பறைக்குப் போய்வருவது என்று அப்போது நேரம் கரையத்தான் செய்யும். உங்களைக் கண்டதும் அழத் தொடங்கும் பிள்ளையை வைத்து எவரையும் மதிப்பிடவும் முடியாது.

பிள்ளைகள் எவ்வளவு நேரம் நகர்கிறார்கள், எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று கவனியுங்கள். ஆறு பேர் வரிசையில் நிற்க ஒருவர் மட்டும் இறங்குவதும், அவரைத் திருத்தி முடித்த பிறகே அடுத்தவர் கிளம்புவதும் சோர்வான வகுப்பு. அதே சரிவில் இரண்டு பாதை போட்டு, ஒரு பக்கம் இறங்குவோரும் மறுபக்கம் ஏறுவோருமாகச் சுற்றவைத்தால் எவரும் சும்மா நிற்க வேண்டியதில்லை. அவர் பேசும்போது வெயிலும் காற்றும் யார் முகத்தில் படுகின்றன என்றும் பாருங்கள். பிள்ளைகளின் முதுகை வெயிலுக்குக் காட்டித் தான் வெயிலைப் பார்த்து நிற்பது சின்ன விஷயம்தான். ஆனால் கண் கூசாத பிள்ளைதான் பார்க்கும், பார்ப்பதுதான் கற்கும். ஒரு முறைக்கு ஒரு திருத்தம் என்பதும் அப்படித்தான். கை, தோள், முழங்கால், பார்வை என்று நான்கையும் ஒரே மூச்சில் சொன்னால் பிள்ளையிடம் ஒன்றும் தங்காது.

குழு எங்கே நிற்கிறது என்பது பாதுகாப்பின் முதல் அடையாளம். சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பின் 10 நடத்தை விதிகளில் ஒன்று, குறுகலான இடத்திலும் மேலிருந்து தெரியாத இடத்திலும் நிற்கக்கூடாது என்கிறது. மேட்டுக்குக் கீழே, சரிவின் நடுவே பிள்ளைகளை நிறுத்திவைத்துப் பாடம் எடுக்கிறவர் மற்ற எல்லாவற்றிலும் நல்லவராக இருந்தாலும் தேற மாட்டார். ஓரமாக, மேலிருந்து பார்வைக்குத் தெரியும் இடத்தில், பிள்ளைகள் ஒருவருக்குக் கீழ் ஒருவராக வந்து நிற்க வேண்டும். கடைசியாக வருகிறவர் மற்றவர்களுக்கு மேலே வந்து நின்றால் பிரேக் பிடிக்காதபோது வரிசையே சரியும். கிளம்பும் முன் மேலே திரும்பிப் பார்க்கச் சொல்லித் தருகிறாரா, முன்னால் இருப்பவருக்குத்தான் முன்னுரிமை என்பதைப் பிள்ளைகள் திருப்பிச் சொல்கிறார்களா என்பதும் கணக்கில் சேரும். வரிசையில் எப்போதும் ஒரே பிள்ளை கடைசியில் வந்தால் அதுவும் குறைதான். முன்னால் போகிறவர் நின்று காத்திருந்து, கடைசிப் பிள்ளை மூச்சிரைக்க வந்து சேர்ந்த நொடியே கிளம்பிவிடுவார். இளைத்தவருக்கு மட்டும் ஓய்வே கிடைக்காது. இடம் மாற்றிக்கொண்டே இருப்பவர் இதை உணர்ந்தவர்.

கம்பியில் தொங்கி மலைமேல் ஏற்றும் நாற்காலியான சேர்லிஃப்டில் ஏறும் முன் சமதளத்தில் ஒரு ஒத்திகை நடக்க வேண்டும். பின்னால் திரும்பிப் பார்ப்பது, நாற்காலி தொட்டதும் உட்கார்வது, முதுகு சாய்ந்திருப்பது, தடுப்புக் கம்பியை இறக்குவது, இறங்குமிடம் வரும்போது முனைகளை உயர்த்துவது, எழுந்து நேராக வழுக்கி வழிவிட்டுப் போவது, கையுறை கீழே விழுந்தால் விட்டுவிடுவது. எல்லாப் பிள்ளைகளோடும் ஒரே நாற்காலியில் அவரால் போக முடியாது. எந்தப் பிள்ளை எந்தப் பெரியவரோடு போகிறது என்று வரிசையில் நிற்கும்போதே முடிவு செய்து, நாற்காலியின் வேகத்தைக் குறைக்கும்படி லிஃப்ட் ஊழியரிடம் சொல்லி, மேலே போனதும் தலை எண்ணுகிறாரா? எண்ணாதவரிடம் பிள்ளையை மறுநாள் விட வேண்டாம். இதில் பேரம் கிடையாது.

அழுகிற பிள்ளையை எப்படிக் கையாள்கிறார் என்பதில் அவருடைய அனுபவம் முழுதும் தெரியும். நின்ற இடத்திலிருந்தே "ஒண்ணும் ஆகாது, வா வா" என்று கூப்பிடுவது எளிது. தெரிந்தவர் சரிவில் பிள்ளைக்குக் கீழே போய், கண்ணுக்குக் கண் நேராகக் குனிந்து, முதலில் உடம்பைச் சோதிப்பார். கையுறைக்குள் விரல் விறைத்திருக்கிறதா, பூட்ஸில் பக்கிள் அழுத்துகிறதா, பசியா, சிறுநீரா? கன்னத்திலோ மூக்கு நுனியிலோ வெளிறிய திட்டு தெரிந்தால் குளிர் தோலைத் தாக்கத் தொடங்கிவிட்டது, உடனே உள்ளே போக வேண்டும். இவற்றில் ஒன்றும் இல்லை, வெறும் பயம்தான் என்றால் பக்கவாட்டில் வழுக்கி இறங்கக் கைகொடுப்பார். முடியாவிட்டால் ஸ்கீயைக் கழற்றித் தூக்கிக்கொண்டு ஓரமாக நடத்திக் கூட்டிவருவார். நடந்து இறங்குவது அவமானமல்ல என்று மற்ற பிள்ளைகளுக்கும் அப்போதே புரியும்.

பூட்ஸும் கயிறும் கிளிப்பும்

முதல் ஐந்து நிமிடத்தில் ஒவ்வொரு பிள்ளையின் பூட்ஸையும் தொட்டுப் பார்க்காத பயிற்சியாளர் அன்றைய பாடத்தின் பாதியை இழக்கிறார். உள்ளே ஒரே ஒரு மெல்லிய நீளக் காலுறைதான் இருக்க வேண்டும். உள்ளாடைக் கால்சட்டையின் விளிம்பு பூட்ஸுக்குள் மடிந்து கிடந்தால் எலும்பை அறுக்கும். "வளருவானே" என்று இரண்டு அளவு பெரிதாக எடுத்த பூட்ஸில் கால் திரும்பிய பிறகுதான் பூட்ஸ் திரும்பும். பிள்ளைக்கு எவ்வளவு சொல்லிக்கொடுத்தாலும் ஸ்கீக்கு அது போய்ச் சேராது. பூட்ஸின் உள்பஞ்சைக் கழற்றி, விரல்நுனி முன்சுவரைத் தொடும்படி பாதத்தை வெளி ஓட்டுக்குள் வைத்தால் குதிகாலுக்குப் பின்னால் 1 முதல் 2 சென்டிமீட்டர் இடைவெளி போதும். பெற்றோர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை என்று இதை நேரடியாகச் சொல்கிறவரை மதிக்கலாம். ஸ்கீயின் நீளம் தொடக்கக்காரருக்கு நெஞ்சுக்கும் மோவாய்க்கும் இடையில். கைக்கோல் சிறு பிள்ளைகளுக்கு ஆரம்பத்தில் வேண்டவே வேண்டாம். கையில் இருந்தால் அதை ஊன்றித்தான் நிற்கப் பார்ப்பார்கள்.

முன்முனைகளை இணைக்கும் ரப்பர் கிளிப், கால் தசை இன்னும் வலுக்காத மூன்று நான்கு வயதுக்கு ஆரம்பத்தில் உதவும். நாள்கள் கடந்தும் அதைக் கழற்றாமல் இருந்தால் பிள்ளை முனைகளைத் தானே பிடித்துவைக்கப் பழகவே இல்லை என்று பொருள். இடுப்பில் கட்டிப் பின்னாலிருந்து பிடிக்கும் கயிற்றின் நிலை இன்னும் மோசம். சைக்கிள் பழகும் பிள்ளையின் சீட்டைப் பின்னால் இழுத்துப் பிடிப்பதைப் போல, இழுவை எப்போதும் பின்பக்கமே இருப்பதால் பிள்ளை அதில் சாய்ந்தே பழகும். வேறு வழியில்லாத ஒரு சரிவைக் கடக்கப் பயன்படுத்தினால் சரி. பாடமே கயிற்றில் நடந்தால் சரிவுதான் தவறு.

சான்றிதழ் எவ்வளவு சொல்லும்?

கொஞ்சம்தான். ஃபிரான்ஸில் பணம் வாங்கிக் கற்பிக்க அரசுப் பட்டயமோ, அதற்கான பயிற்சி மாணவர் தகுதியோ வேண்டும். அமெரிக்காவில் அப்படிச் சட்டம் இல்லை. அந்தந்தப் பள்ளியே பயிற்சி கொடுத்து வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். 1961-இல் தொடங்கிய அமெரிக்கப் பயிற்சியாளர் சங்கத்தில் மூன்று நிலைகள், கனடாவிலும் பிரிட்டனிலும் நான்கு. மேல்நிலைகளில் பெரிதும் சோதிக்கப்படுவது அவரே கடினமான சரிவில் எப்படி ஸ்கீ செய்கிறார், ஸ்கீயில் தேர்ந்தவர்களை எப்படித் திருத்துகிறார் என்பது. நான்கு வயதுப் பிள்ளைக்கு அது தேவையே இல்லை. அமெரிக்கச் சங்கம் குழந்தைகளுக்கென்று தனியே இரு கட்டச் சிறப்புச் சான்றும் தருகிறது. முதல் நிலையோடு அந்தச் சான்றையும் வைத்திருப்பவர், ஏழு வயதுக்குட்பட்டவர்களுக்கு, பந்தயத்தில் ஓடிய மூன்றாம் நிலைக்காரரைவிடப் பெரும்பாலும் பொருத்தமானவர். பதிவு செய்யும்போது "எந்த நிலை?" என்று கேட்பதைவிட "இந்த வயதுக்காரர்களுக்கு எத்தனை பருவமாக எடுக்கிறார்?" என்று கேளுங்கள்.

பதக்கங்களும் அட்டைகளும் வேறு கதை. ஃபிரெஞ்சுப் பள்ளிகளில் பியூ பியூ, ஊர்சோன், ஃப்ளோகோன், பிறகு நட்சத்திரங்கள் என்று படிகள் உண்டு. சுவிட்சர்லாந்தில் நீலம், சிவப்பு, கறுப்பு லீக்குகள். அட்டையில் எந்தெந்தத் திறன் எழுதியிருக்கிறது என்று படித்து, அதைப் பிள்ளை செய்துகாட்டுகிறதா என்று பார்த்தால் பயன் உண்டு. வார இறுதியில் எல்லோருக்கும் ஒரே பதக்கம் குத்தி அனுப்பும் பள்ளியில் அது வெறும் பொம்மை.

வகுப்பு வகைகளில் எங்கள் தீர்ப்பு: மூன்று நான்கு வயதுக்குத் தனி வகுப்பு, அதுவும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஆறு வயது தாண்டினால் குழுவே மேல், ஒருவரைப் பார்த்து ஒருவர் துணிவார்கள். பெரிய பிள்ளைக்குத் தனி வகுப்பு எடுப்பது குறிப்பிட்ட ஒரு பிழையைத் திருத்த மட்டும் லாபம். வெவ்வேறு நிலையில் இருக்கும் அண்ணன் தங்கைக்குச் சேர்த்து ஒரே தனி வகுப்பு எடுத்தால் இருவருக்குமே நஷ்டம். தொடர்ந்து பல நாள் ஒரே பயிற்சியாளர் வரும் வார வகுப்பு, தினம் ஒருவர் மாறும் நாள் வகுப்புகளைவிட எல்லா வகையிலும் சிறந்தது. விடுமுறை உச்சத்தில் குழுக்கள் பெரிதாகும், புதியவர்களும் அதிகம். தேதியை ஒரு வாரம் நகர்த்த முடிந்தால் அதே கட்டணத்தில் தரம் கூடும்.

வகுப்பு முடிந்ததும் பயிற்சியாளரிடம் ஒரு நிமிடம் கேளுங்கள்: "இடப்பக்கம் எப்படித் திரும்புறா, வலப்பக்கம் எப்படி?" ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரு பக்கம் பலவீனமாகத்தான் இருக்கும். பிள்ளையை உண்மையிலேயே பார்த்தவர் தயங்காமல் எந்தப் பக்கம், ஏன் என்று சொல்வார். "ரொம்ப நல்லா பண்றா, செம ஜாலியா இருந்தா" என்பது மட்டுமே பதிலானால் பெரிய குழுவில் அவர் உங்கள் பிள்ளையைக் கவனிக்க வாய்ப்புக் கிடைக்கவில்லை, அல்லது கவனிக்கத் தெரியவில்லை.

மாற்றம் வேண்டுமென்றால் வாரக் கடைசி வரை காத்திருக்காதீர்கள். குழுக்களைக் கலைத்து அடுக்கும் மேற்பார்வையாளர் காலையில் பிள்ளைகள் கூடும் இடத்தில்தான் இருப்பார். வகுப்பு கிளம்பும் முன் அவரைப் பிடிக்க வேண்டும். "பயிற்சியாளர் சரியில்லை" என்று தொடங்கினால் அவர் தன் ஆளைக் காப்பாற்றத்தான் பேசுவார். "நீலச் சரிவுல நேரா அகலப் பீட்சாவுல இறங்குறா, திருப்பமே முடியுறதில்ல, பச்சையிலயே இருக்கிற குழு ஏதாவது இருக்கா?" என்று கண்டதைக் கண்டபடி சொன்னால் பெரும்பாலும் அன்றே மாற்றிவிடுவார்கள்.